டி.வி.எஸ். பெரியவரும் எங்கள் காபிப் பொடிக் கடையும்



பெரியவர் ஒருவருடைய வாழ்க்கையை இந்த இதழுக்கு எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக் கொண்டிருந்தேன். யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்துக் கொண்டிருந்த சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் வரலாற்றுக்கு வர வேண்டும். ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது.

சித்தூருக்குப் பக்கத்தில் கங்காதர நெல்லூர் என் ஊர். எங்கள் பக்கம் ஜி.டி.நெல்லூர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவன் நான். சித்தூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காபி ஹோட்டல் இருக்கிறது. என் பெரியப்பா ஆரம்பித்தது. அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய பிள்ளையும் (எனக்கு அண்ணா) நானுமாகப் பார்த்து வருகிறோம்.

சென்ற தை மாதம் என் தம்பியின் பெண் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புப் பொடி எல்லாம் பாக்கெட் போட்டு விற்கும் தொழில் ஒன்றைத் திருப்பதியில் தொடங்கப் போகிறாளாம். ஹோட்டல் கணக்கிலிருந்து 5 லட்சம் ரூபாய் வேண்டும், பாக்கெட்டின்மேல் ஹோட்டல் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி வேண்டும் என்று கேட்டாள். அண்ணா சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டார். நான் மட்டும் நாலு நாள் அவகாசம் கேட்டேன். குழந்தையின் முகம் வாடிவிட்டது.

நான் தயங்கியதற்குக் காரணம் 1986-ல் நான் ஆரம்பித்து, ஒரு வருஷம்கூட நிற்காமல் மூடிய ஒரு காபிப் பொடிக் கடை. அதைப் பின்னால் சொல்கிறேன். அந்த நாலு நாளும் என் மனம் சுற்றிச் சுற்றி ஒரு பெரியவரிடமே போய் நின்றது. அவர்தான் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தால் நாடறிந்த ஸ்ரீ டி.வி.சுந்தரம் ஐயங்கார் அவர்கள். குடும்பத் தொழிலின் நிழலில் உறவுக்காரர்களின் புதுத் தொழில்கள் எப்படிப் பிழைத்தன என்று பார்க்க அவருடைய வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உத்தியோகத்தை விட்ட துணிவு

1877-ம் வருஷம் மார்ச் 22-ம் தேதி திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள திருக்குறுங்குடியில் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். அழகிய நம்பி எழுந்தருளியுள்ள திவ்ய தேசம் அது. பெயருக்கு முன்னால் உள்ள டி என்ற எழுத்து அந்த ஊரைக் குறிப்பதுதான். பிள்ளை வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். அதன்படியே அவர் முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரயில்வேயில் உத்தியோகம். அதன் பிறகு ஒரு பாங்கில் வேலை.

அந்தக் காலத்தில் நம் குடும்பங்களில் இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலே பிள்ளை கரையேறிவிட்டான் என்று நிம்மதி அடைவார்கள். மூன்றையும் பார்த்த ஒருவர் மூன்றையும் விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கினார் என்றால் உறவினர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகித்துக் கொள்ளலாம். பக்கபலமாகக் குடும்பத் தொழில் ஒன்று இருந்து, அதில் ஏறி உட்கார்ந்தவர் அல்ல அவர்.

1911-ல் அவர் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. எங்கள் சித்தூர் ஜில்லா வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆனதும் அதே 1911-ல்தான். அதனால் இந்த வருஷம் எனக்கு மறப்பதே இல்லை.

ஆரம்ப நாட்களில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பின்னர் மதுரையே அவருடைய தொழிலுக்குத் தலைநகர் ஆயிற்று. மாட்டு வண்டிக்காகப் போட்ட மண் ரோடுகளில் மோட்டார் பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவது என்பது லேசான காரியம் இல்லை. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக் கொண்டதாக மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் அவருடைய பஸ்களும் லாரிகளும் தென் ஜில்லாக்கள் முழுவதும் ஓடின.

ஒரு பஸ்ஸிலிருந்து பல தொழில்கள்

பஸ் ஓட்டுகிறவருக்கு என்னென்ன வேண்டும்? டயர் வேண்டும், உதிரி பாகம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், பழுது பார்க்க ஒர்க்‌ஷாப் வேண்டும். ரோடு மோசமாக இருந்தால் டயர் சீக்கிரம் தேயும். சுந்தரம் ஐயங்கார் இவை ஒவ்வொன்றையும் செலவாக மட்டும் பார்க்கவில்லை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிற்சாலையை ஏற்படுத்தினார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்து, நாடெங்கும் வண்டிகள் நின்றன. அப்போது வாயுவைக் கொண்டு மோட்டார் வண்டியை ஓட்டுவதற்கான டி.வி.எஸ். கேஸ் பிளாண்டை உருவாக்கினார். அந்த நாட்களில் பஸ்ஸின் பின்பக்கம் கொதிகலன் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கரியைப் போட்டு எரித்துப் புகைய விட்டுக்கொண்டு போவதை எங்கள் தாத்தா தலைமுறையினர் பார்த்திருக்கிறார்கள்.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவையும் இப்படி வந்தவையே. 1950-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு மிகப் பெரிய விநியோகஸ்தராக சுந்தரம் மோட்டார்ஸ் விளங்கியது.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தத் தொழில்கள் எல்லாம் தாய்த் தொழிலான பஸ்ஸின் தேவையில்தான் பிறந்தன. முதல் வாடிக்கையாளர் வீட்டிலேயே இருந்தார். ஆனால் வீட்டு வாடிக்கையாளரோடு அவை நின்றுவிடவில்லை. உதிரி பாகம் விற்கிற கடையும், வண்டி விற்கிற கம்பெனியும் ஊரார் அனைவருக்கும் விற்றால்தான் தொழில். அந்த ஊராரில் தம்முடைய பஸ்ஸுக்குப் போட்டியாகப் பஸ் விடுகிறவரும் உண்டு. அவருக்கு விற்கமாட்டேன் என்று சொன்னால் அது கடை ஆகாது, பஸ் கம்பெனியின் சாமான் அறை ஆகிவிடும்.

பிள்ளைகள் தலையெடுத்தது

அவருக்கு ஐந்து பிள்ளைகள், மூன்று பெண்கள். கம்பெனியின் பெயரிலேயே அண்ட் சன்ஸ் என்று சேர்த்திருந்தார். டி.எஸ்.ராஜம், டி.எஸ்.சந்தானம், டி.எஸ்.ஸ்ரீனிவாசன், டி.எஸ்.கிருஷ்ணா ஆகியோரின் பெயர்களைத் தொழில் உலகம் நன்கு அறியும்.

இவர்களில் சந்தானம் அவர்கள் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூலதனம் 2 லட்சம் ரூபாய். லாரியோ பஸ்ஸோ வாங்க விரும்புகிறவருக்குப் பணம் கொடுத்து, தவணை முறையில் திரும்பப் பெறுவது அதன் தொழில். ஒற்றை லாரி வைத்துப் பிழைக்க நினைத்த டிரைவருக்குக் கடன் கொடுக்க எளிதில் யாரும் முன்வராத காலம் அது. மோட்டார் தொழிலில் பல வருஷம் இருந்த குடும்பம் என்பதால் எந்த வண்டி எத்தனை வருஷம் உழைக்கும், எந்த ரோட்டில் என்ன வரும்படி வரும், பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடன் கொடுக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன மூலதனம் வேண்டும்?

அந்த 2 லட்சத்தைவிட இந்த அறிவுதான் தாய்த் தொழில் கொடுத்த பெரிய சீதனம் என்பது என் எண்ணம். அதே சமயம், அந்தக் கம்பெனியிடம் தவணைக்கு லாரி வாங்குகிற ஒவ்வொருவரும் குடும்பத்தின் லாரிகளுக்குப் போட்டியாக ரோட்டில் இறங்குகிறவர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. தம்பி கடன் கொடுக்க, அண்ணனுக்குப் போட்டி வளரும். அப்படி இருந்தும் அது தனிக் கம்பெனியாக நின்றது, வளர்ந்தது.

சுந்தரம் ஐயங்கார் தாமாகவே பொறுப்பிலிருந்து விலகிக் கொண்டு, தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். கடைசி மூச்சு வரை சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்திருக்கவில்லை. 1955-ம் வருஷம் ஏப்ரல் 28-ம் தேதி கொடைக்கானலில், தம்முடைய 78-வது வயதில் அவர் காலமானார்.

எங்கள் காபிப் பொடிக் கடை

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1986-ல் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஹோட்டலில் சப்ளை பார்த்துக் கொண்டிருந்தேன். காபிக் கொட்டையை வறுத்து அரைத்து விற்கலாம் என்று ஆசை. பெரியப்பாவிடம் போய் நின்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் 30,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. வறுக்கும் மெஷினும் அரைக்கும் மெஷினும் வாங்கினேன். கடைக்கு ஹோட்டலின் பெயரையே வைத்தேன். வீட்டுக்கு வீடு பொடி கொண்டு போய்க் கொடுக்க ஒரு டி.வி.எஸ்.50 மொபெட். 1980-ல் சந்தைக்கு வந்த அந்த வண்டியும் சுந்தரம் ஐயங்காரின் பிள்ளைகள் வழி வந்த கம்பெனியில் செய்ததுதான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாளிலிருந்து ஹோட்டலுக்குத் தினமும் 4 கிலோ பொடி போயிற்று. ஆஹா, கடை திறந்த அன்றே இப்படி ஒரு வாடிக்கை யாருக்குக் கிடைக்கும் என்று பெருமைப்பட்டேன். பொடிக்குப் பணம்? கணக்கில் எழுதிக் கொள்ளச் சொல்வார் பெரியப்பா. எழுதிக் கொண்டேன். கொட்டையை மட்டும் நான் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கையில் பணம் இல்லாத நாட்களில் மட்டமான கொட்டை வாங்கினேன், சிக்கரியைக் கூட்டினேன். வீட்டு வாடிக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

மற்ற ஹோட்டல்களுக்குப் போய்க் கேட்டேன். சித்தூரில் அப்போது நல்ல காபி கொடுக்கிற இடங்கள் ஐந்தாறு இருந்தன. ஒருவரும் வாங்கவில்லை. மரியாதையாகத்தான் பேசி அனுப்பினார்கள். போட்டி ஹோட்டலின் பெயர் போட்ட பொடியை வாங்கி அவர்கள் ஏன் காபி போடுவார்கள்? நாளைக்கு எங்களுக்குள் ஒரு போட்டி வந்தால் பொடியை நிறுத்திவிடுவேனோ, நல்ல பொடியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மட்டத்தை அவர்களுக்குக் கொடுப்பேனோ என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்திருக்கும். எந்தப் பெயர் எனக்கு முதல் வாடிக்கையைக் கொடுத்ததோ, அதே பெயர் மற்றக் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டது.

பதினோராவது மாதம் மெஷின்களை விற்றேன். ஹோட்டலில் இருந்து எனக்கு வர வேண்டிய பாக்கி 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? என் உபநயனத்தையும் என் தங்கையின் கல்யாணத்தையும் நடத்தி வைத்தவர் அவர். முதல் போட்டவரும் அவர். அவர் மனதில் என் பணம், ஹோட்டல் பணம் என்று இரண்டு கிடையாது. எல்லாம் ஒரே கல்லாதான். அவர் என்னை ஏமாற்றவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பில் எழுதி அவர் முன்னால் வைக்கிற தைரியம் எனக்குத்தான் இல்லை. பேசாமல் ஹோட்டலுக்குத் திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். இன்று வரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கணக்கு நோட்டு மட்டும் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

வெளியார் பங்கு

இனி மறுபடியும் சுந்தரம் ஐயங்கார் குடும்பத்துக்குப் போவோம். அவர் காலமான பிறகு 1960-களில் சென்னைப் பாடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அதே வருஷம் சுந்தரம் கிளேட்டன். வண்டியின் சக்கரம் ஒன்றில், மின்சார சாதனம் ஒன்றில், பிரேக் ஒன்றில் என்று ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைப் பிடித்துக் கொண்டது. கிருஷ்ணா அவர்களின் வழியில் வந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், போல்ட்டும் நட்டும் செய்ய 1966-ல் உற்பத்தியைத் தொடங்கிற்று.

முதல் நான்கிலும் இங்கிலாந்துக் கம்பெனிகள் கூட்டாளிகளாக இருந்தன. டன்லப், லூகாஸ், கர்லிங், கிளேட்டன் டிவாண்டர் என்று பெயர் பெற்றவை. அவர்கள் தொழில்நுட்பம் கொண்டு வந்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறு. வெளியார் ஒருவர் பங்குதாரராக வந்து உட்கார்ந்துவிட்டால், வீட்டுக்குள் கணக்கில் எழுதிக் கொள் என்ற பேச்சு எடுபடாது. எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைக் காகிதத்தில் வைக்கத்தான் வேண்டும். எனக்கு அன்று அப்படி வெளியார் ஒருவர் கூட்டாளியாக இருந்திருந்தால் அந்த 22,000 ரூபாய் வந்திருக்கும்.

மேலும், சக்கரமோ பிரேக்கோ செய்கிற கம்பெனி ஒரே ஒரு வண்டிக் கம்பெனியை நம்பி இருக்க முடியாது. ஒருவருக்கொருவர் போட்டியாக இருக்கிற லாரிக் கம்பெனிகளுக்கும் கார் கம்பெனிகளுக்கும் ஒரே சமயத்தில் விற்க வேண்டும். எல்லோருடைய நம்பிக்கையும் வேண்டும்.

இப்படித் தனித்தனியாக நின்றதன் அருமை 1972-ல் தெரிந்தது. அந்த வருஷம் தமிழ்நாடு அரசு பஸ்களை எடுத்துக் கொண்டது. மதுரையின் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் ஆயின. குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தாய்த் தொழிலில் பெரும் பகுதி அரசிடம் போய்விட்டது. குழந்தைகள் எல்லாம் தாயின் இடுப்பிலேயே இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அவை ஏற்கெனவே தம் காலில் நின்றதால் குடும்பம் நின்றது.

ஜப்பானில் ஒரு தறிக்காரர்

கடல் கடந்தும் இதே பாடம்தான். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் தானியங்கித் தறியைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். அவருடைய பிள்ளை கிய்சிரோவுக்கு மோட்டார் கார் செய்ய ஆசை. 1929-ல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்குக் கொடுத்ததில் வந்த பணம் பிள்ளையின் மோட்டார் ஆராய்ச்சிக்கு உதவியது. 1930-ல் தகப்பனார் காலமானார். 1933-ல் தறிக் கம்பெனியின் உள்ளேயே ஒரு பிரிவாகக் கார் வேலை ஆரம்பித்தது. 1937-ல் அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். பெயரைக்கூட டொயோட்டா என்று ஓர் எழுத்து மாற்றிக் கொண்டார்கள். கொஞ்ச நாள் தாய் வீட்டில் வைத்துப் பால் கொடுத்து, பிறகு தனிக்குடித்தனம் வைத்தது போலத்தான்.

பெண்ணின் வழி தனி

சுந்தரம் ஐயங்கார் வாழ்க்கையை எழுதும்போது அவருடைய பெண் டாக்டர் சௌந்தரம் அம்மையாரைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் ஒரு டாக்டர். அவர் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். விதவையான பெண்ணை மூலையில் உட்கார வைக்கிற காலத்தில், சுந்தரம் ஐயங்காரும் அவருடைய மனைவி லக்ஷ்மி அம்மாளும் தங்கள் பெண்ணை டில்லிக்கு அனுப்பி, லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். 1936-ல் அவர் டாக்டர் ஆனார். பஸ் விட்டதைவிட இதுதான் பெரிய துணிவு என்பேன்.

பின்னர் அவர் காந்திஜியின் தொண்டரான ஜி.ராமச்சந்திரன் அவர்களை மணக்க விரும்பியபோது வீட்டில் சம்மதம் இல்லை. வேறு ஜாதி, மறுமணம், இரண்டும் அன்று சாமானியம் அல்ல. 1940-ல் காந்திஜியின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது. 1947-ல் தம்பதியர் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிராமக் கைத்தொழில் என்று அது விரிந்தது. அதில் வளர்ந்த கல்வி நிலையம் இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. அம்மையார் பின்னாளில் மத்திய அரசில் கல்வித் துறைத் துணை மந்திரியாக இருந்தார். 1962-ல் பத்மபூஷண் பெற்றார்.

லாபத்துக்காக ஏற்பட்டதல்ல காந்திகிராமம். ஆனால் புது முயற்சி என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தில் தோன்றிய எதற்கும் அது குறைந்தது இல்லை. குடும்பம் படிப்பைக் கொடுத்தது. பிறகு அவர் தேர்ந்தெடுத்த வழியைக் குடும்பத்தால் தீர்மானிக்க முடியவில்லை. அதனால்தான் அவர் டி.வி.எஸ். வீட்டுப் பெண் என்பதோடு நிற்காமல் காந்திகிராமத்து சௌந்தரம் அம்மையார் ஆனார்.

இந்தக் குடும்பத்தில் மனஸ்தாபங்களே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய குடும்பங்களின் உள் விஷயம் நமக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். நிறுவனம் தொடங்கி நூறு வருஷம் கடந்த பின், 2020 டிசம்பரில், எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ அதன் பங்குகளும் அந்தக் கிளையிடமே இருக்கட்டும் என்று நான்கு கிளையினரும் உடன்பாடு செய்து கொண்டார்கள். 2022-ல் அது நடைமுறைக்கு வந்தது. நடத்துகிறவர்கள் முன்பே தனித்தனியாக நின்று பழகியிருந்ததால்தான் இந்தப் பிரிவினை பெரிய ரகளை இல்லாமல் முடிந்தது என்று எண்ணுகிறேன்.

நான் சொன்ன பதில்

நாலாம் நாள் இரவு ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. என் தம்பியின் பெண்ணுக்கு நான் பெரியப்பா. 1986-ல் எதிரே நின்று கேட்டவன், இப்போது கல்லாவில் உட்கார்ந்து கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். அன்று என் பெரியப்பா செய்ததை அன்பு என்ற பெயரில் நானும் செய்யப் போகிறேனா?

மறுநாள் காலை அண்ணாவையும் குழந்தையையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஹோட்டலிலிருந்து 2 லட்சம் தரலாம். ஆனால் கடனாக. வட்டியும் தவணைத் தேதியும் காகிதத்தில் இருக்கும். மீதிக்கு அவள் பாங்குக்குப் போகட்டும். பாங்க்காரர் கேட்கிற கணக்கை எழுதிப் பழகுவது அவளுக்கு நல்லது. ஹோட்டலுக்கு வேண்டியதை அவளிடம் வாங்கலாம், ஆனால் நம் சமையல்காரர் ருசி பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும். வாரா வாரம் பில், அன்றே பணம். அலமாரி தாராளமாக வைத்துக் கொள்ளட்டும். பாக்கெட்டில் ஹோட்டல் பெயர் வேண்டாம். அவள் சொந்தமாக ஒரு பெயர் வைத்து, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸையும் அந்தப் பெயரிலேயே வாங்கட்டும். கடைசியாக, அவள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சித்தூரில் நமக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற ஹோட்டல் உட்பட.

பெயர் இல்லை என்றதும் குழந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டாள். அண்ணாவுக்கோ எதிர் ஹோட்டல் விஷயத்தில் கோபம் வந்துவிட்டது. நம் பணத்தை வாங்கி அவனுக்குச் சரக்குப் போடுவதா என்றார். அப்போதுதான் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தேதி, 4 கிலோ, பாக்கி. தேதி, 4 கிலோ, பாக்கி. பதினோரு மாதம். கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை. எனக்கு வியாபாரம் ஒத்துவரவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் அவர் நினைத்துக் கொண்டிருந்தாராம். அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்றார். பெரியப்பாவுக்கே தெரிந்திருக்காது, நான் காட்டினால்தானே என்றேன். அதற்குமேல் அண்ணா எதிர்ப்புச் சொல்லவில்லை. குழந்தை அந்த நோட்டை வாங்கி வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது பெரியப்பா என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்குக் கிளம்பினாள்.

சித்திரையில் தொழில் ஆரம்பமாயிற்று. புளிக்காய்ச்சலை எங்கள் சமையல்காரர் முதலில் ஒப்புக் கொள்ளவில்லை, உப்பு ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவைதான் வாங்கினோம். சனிக்கிழமை பில் வந்தது. எழுந்து போய் அன்றே பணத்தை அனுப்பினேன். எதிர் ஹோட்டலும் இப்போது அவளிடம் பருப்புப் பொடி வாங்குகிறது. லாபம் வருமா, கடை நிற்குமா என்பதெல்லாம் பகவான் சித்தம். நின்றாலும் நிற்காவிட்டாலும், ஏன் என்பது அவளுடைய கணக்கு நோட்டிலேயே தெரியும். எனக்கு அன்று அது தெரியவில்லை.

நம் அங்கத்தினர்களில் குடும்பத் தொழில் நடத்துகிறவர்கள் பலர் உண்டு. வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ புதிதாக ஒன்றைத் தொடங்க உங்களிடம் வந்து நின்றால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வெற்று நோட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். பழக்கத்தைக் கொடுங்கள், அனுபவத்தைக் கொடுங்கள், முதல் வாடிக்கையாக நீங்களே இருங்கள். ஆனால் வாங்குகிற சரக்குக்கு அன்றைக்கே காசு கொடுங்கள். எதிர்க் கடைக்கு அவர்கள் விற்றால் முகம் சுளிக்காதீர்கள். சுந்தரம் ஐயங்கார் அவர்களின் வாழ்க்கையிலிருந்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அது விளங்க எனக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆயிற்று.